பிடித்துக்கொண்ட பிஸ்டன்

ஓடிக்கொண்டிருக்கும் கார் என்ஜினுக்குள் பிஸ்டனும் அது ஏறி இறங்கும் சிலிண்டரின் சுவரும் உலோகத்தோடு உலோகம் உரசுமாறு அமைக்கப்படுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமனுள்ள இடைவெளியும், அதை நிரப்பி நிற்கும் மசகு எண்ணெயின் மெல்லிய படலமும் எப்போதும் இருக்கின்றன. அந்த இடைவெளி வெப்பத்தாலோ துருவாலோ மறைந்து, பிஸ்டன் நின்ற இடத்திலேயே சிலிண்டரோடு இறுகிவிடும் நிலையைத்தான் பட்டறைகளில் ‘என்ஜின் பிடித்துக்கொண்டது’ என்றும், ‘ஜாம் ஆகிவிட்டது’ என்றும், ஆங்கிலச் சொல்லை ஒட்டிச் ‘சீஸ் ஆகிவிட்டது’ என்றும் சொல்கிறார்கள். இந்நிலையை அடைந்த என்ஜின்களில் கணிசமானவை மீண்டும் ஓடக்கூடியவை. அவற்றுள் பல, பிடித்துக்கொண்டதனால் அல்லாமல், விடுவிக்க முயன்றவர்களின் அவசரத்தாலேயே பாழாகின்றன.

விளக்கத்திற்கு ஓர் உண்மையான என்ஜினை எடுத்துக்கொள்வது நல்லது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்ட அம்பாசடர் காரில் பல பத்தாண்டுகள் பொருத்தப்பட்டிருந்த 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. அதன் நான்கு சிலிண்டர்களும் வார்ப்பிரும்பாலான ஒரே கட்டையில், அதாவது ‘பிளாக்’ எனப்படும் உடற்பகுதியில், குடையப்பட்டவை. ஒவ்வொன்றின் விட்டமும் 73 மி.மீ., பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை நகரும் தூரம் 89 மி.மீ. பிஸ்டன்கள் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனவை. பிஸ்டனின் மேற்பகுதியைச் சுற்றி வெட்டப்பட்ட காடிகளில் ‘ரிங்’ எனப்படும் இரும்பு வளையங்கள் வில்போல விரிந்து சுவரை அழுத்தி நின்று, எரியும் வாயு கீழே கசியாமலும் எண்ணெய் மேலே ஏறாமலும் தடுக்கின்றன. பிஸ்டனைக் கீழேயுள்ள கிராங்க் ஷாஃப்ட் என்னும் வளைதண்டோடு இணைப்பது கனெக்டிங் ராடு. ஒதுக்குப்புறக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்ட அம்பாசடர்களைப் புதுப்பிக்க விரும்புவோர் முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும் இந்த நான்கு பிஸ்டன்களின் பிடிவாதத்தைத்தான்.

பிடிப்புக்கான காரணங்கள் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறானவை என்பதால், மருந்தும் ஒன்றாக இருக்க முடியாது. முதலாவது, ஓடும்போதே நேரும் வெப்பப் பிடிப்பு. அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் இயல்புடையது, 73 மி.மீ. விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டனின் வெப்பநிலை 100 பாகை செல்சியஸ் கூடினால் அது ஏறக்குறைய 0.16 மி.மீ. பருக்கும், அதே அளவு சூடேறும் சிலிண்டரின் துளையோ 0.08 மி.மீ. மட்டுமே அகலும். இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுத்தான் பிஸ்டனின் தலைப்பகுதியைச் சற்றே சிறுத்தும், கீழ்ப்பகுதியை முழு வட்டமாக இல்லாமல் நுட்பமான நீள்வட்டமாகவும் கடைகிறார்கள். ரேடியேட்டரில் நீர் வற்றியோ, எண்ணெய் தீர்ந்தோ வெப்பம் கணக்கை மீறிவிட்டால், பருத்த பிஸ்டன் எண்ணெய்ப் படலத்தைக் கிழித்துச் சுவரோடு நேராக உரச, மென்மையான அலுமினியம் இரும்பின்மேல் இழுபட்டு அப்பிக்கொள்கிறது. ஆறிய பிறகு பிஸ்டன் சுருங்கித் தானே விடுபட்டுவிடுவதும் உண்டு. ஆனால் சுவரில் விழுந்த நீளக் கீறல்களும் அப்பிய அலுமினியமும் அப்படியே இருக்கும் என்பதால், மீண்டும் சுழல்கிறது என்ற ஒன்றையே கண்டு அதை நலம் என்று கொள்வது பெரும் பிழையாகும்.

இரண்டாவது, பிஸ்டனுக்குத் தொடர்பே இல்லாத பிடிப்பு. எண்ணெய் அழுத்தம் அற்றுப்போகும்போது கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மென்னுலோக பேரிங்குகள் உருகி அதனோடு ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றினாலும், இங்கே சிலிண்டருக்குள் எத்தனை லிட்டர் எண்ணெய் ஊற்றிக் காத்திருந்தாலும் பயனில்லை. என்ஜினை இறக்கி, முழுவதும் பிரித்து, கிராங்க் ஷாஃப்டைச் சாணைபிடித்துச் சரிசெய்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

மூன்றாவதும், பழைய கார்களில் மிகவும் பொதுவானதும், துருப்பிடிப்பு. நிறுத்தப்பட்ட என்ஜினின் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெய் மாதங்கள் செல்லச்செல்ல வழிந்து இறங்கிவிட, ஈரக்காற்று பட்ட வார்ப்பிரும்பு துருவேறுகிறது. துரு தான் உண்டாகக் காரணமான இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். ஆகவே வளையத்துக்கும் சுவருக்கும் நடுவே அது வளரும்போது இரண்டையும் ஒட்டுவதோடு நில்லாமல், ஆப்பு அடித்ததுபோல் இறுக்கவும் செய்கிறது. நான்கு சிலிண்டர்களும் ஒரே அளவில் துருப்பிடிப்பதில்லை என்பது இதில் கவனிக்கத்தக்க செய்தி. என்ஜின் எந்த நிலையில் நின்றாலும், ஏதேனும் ஒரு சிலிண்டர் காற்றை உள்ளிழுக்கும் கட்டத்திலும் மற்றொன்று புகையை வெளியேற்றும் கட்டத்திலும் இருக்கும். அவ்விரண்டிலும் ‘வால்வு’ என்னும் அடைப்பிதழ்களில் ஒன்று திறந்தே நிற்கும். திறந்த வால்வின் வழியே, ஒன்று கார்புரேட்டர் வாயிலாகவும் மற்றது சைலன்சர் குழாய் வாயிலாகவும், பருவமழைக் காற்று ஆண்டுதோறும் உள்ளே வந்து போய்க்கொண்டிருக்க, வால்வுகள் மூடிய மற்ற இரண்டு சிலிண்டர்கள் பெரும்பாலும் பளபளப்போடு தப்பிவிடுகின்றன. நான்கில் ஒன்றோ இரண்டோ மட்டும் பிடித்திருக்க, என்ஜின் முழுவதுமே கல்லாகிவிட்டதாகத் தோன்றுவது இதனால்தான்.

நான்காவது காரணம் வெள்ளநீர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. அவற்றின் என்ஜின்கள் அசையாமற் போனதற்கு முதற்காரணம் துரு அன்று, நீரின் அமுங்காத் தன்மையே. மேற்சொன்ன 1489 சி.சி. என்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 372 சி.சி.; அழுத்த விகிதம் எட்டுக்கு ஒன்று என்று கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேலே எஞ்சும் இடம் 53 சி.சி. மட்டுமே. அதாவது ஒரு சிறிய தேநீர்க் குவளையின் பாதியளவு நீர் உள்ளே புகுந்திருந்தாலே பிஸ்டன் மேலே வர முடியாது. அந்நிலையில் சாவியைத் திருப்பினாலோ, ஓடும் என்ஜினே நீரை விழுங்கினாலோ, வளைந்து கொடுப்பது கனெக்டிங் ராடுதான். நீரில் நின்ற காரை உரிமையாளரே கிளப்பிப் பார்த்ததனால் விளைந்த என்ஜின் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு ஏற்பதில்லை என்பதும், அதற்குத் தனியாகக் கட்டணம் செலுத்தி என்ஜின் பாதுகாப்புப் பிரிவைச் சேர்த்திருக்க வேண்டும் என்பதும் இத்தகைய வெள்ளங்களுக்குப் பிறகுதான் பலருக்குத் தெரியவந்தன. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றி, சில மணி நேரத்திற்குள் சிலிண்டர்களில் எண்ணெய் விட்டுச் சுழற்றிவிட்டால் என்ஜின் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. நனைந்த வார்ப்பிரும்பில் ஓரிரு நாளிலேயே செம்படலம் படர்ந்துவிடும் என்பதால், தாமதித்தால் நான்காவது காரணம் மூன்றாவதாக மாறிவிடும்.

ஆகவே கருவிப்பெட்டியைத் திறக்கும் முன் தீர்க்க வேண்டிய கேள்வி, எது பிடித்திருக்கிறது என்பதும் எதனால் என்பதும் ஆகும். கார் ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றதா, நிறுத்தி வைத்தபோது இறுகியதா என்ற ஒரு தகவலே பாதி விடையைத் தந்துவிடுகிறது. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மின்னாக்கியையும் நீர்ப் பம்பையும் ஓட்டும் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், சில சமயம் குற்றவாளி பிஸ்டனே அன்று, துருவேறிய நீர்ப் பம்பு என்று தெரியவரும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல்சக்கரம், கிராங்க் ஷாஃப்டோடு சுழலும் ஃபிளைவீல் என்னும் சக்கரத்தின் பற்களில் சிக்கி நின்றுவிடுவதும் இதே தோற்றத்தைத் தரும். இவையெல்லாம் இல்லை என்று தெளிந்தபின், நான்கு பிளக்குகளையும் கழற்றி, மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால், எந்தச் சிலிண்டரில் சுவர் சிவந்திருக்கிறது, எதில் மின்னுகிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம்.

துருவே காரணம் என்று உறுதியானால், அடுத்த வேலை ஊறவைப்பது. பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊடுருவும் எண்ணெயை ஊற்றி, பிஸ்டனின் தலை மூழ்கும்படி நிற்கவிட வேண்டும். இவ்வகை எண்ணெய்கள் இரண்டு பண்புகளின் சேர்க்கை: நுண்ணிய இடுக்குகளில் தானாகவே ஊர்ந்து செல்லுமளவுக்கு நீர்த்த தன்மையும், சென்ற இடத்தில் தங்கி வழுக்கலைத் தரும் எண்ணெய்த்தன்மையும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதற்குக் காரணமான நுண்புழை விசையே இங்கும் வேலை செய்கிறது. இவ்விசையால் திரவம் ஊர்ந்து செல்லும் தூரம், கழிந்த காலத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே கூடும் என்பதை 1921இல் எட்வர்ட் வாஷ்பர்ன் கணித வடிவில் நிறுவினார். எளிய மொழியில், ஒரு சென்டிமீட்டர் இறங்க ஒரு நாள் எடுத்த எண்ணெய், இரண்டு சென்டிமீட்டரை அடைய இரண்டு நாள் அன்று, நான்கு நாள் எடுக்கும். மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்பது நாள். பிஸ்டனின் தலையிலிருந்து கடைசி வளையம் வரையிலான தூரமும் அந்த அளவினதே. இது தடையில்லாத சீரான இடுக்குக்கான கணக்கு. துரு அடைத்த இடுக்கு இதைவிடவும் தாமதிக்கும். ஒரே இரவு ஊறவைத்துவிட்டு மறுநாள் காலையில் நீளக் குழாயைப் போட்டு நெம்புகிறவர், பெரும்பாலும் முதல் வளையத்தைக்கூடத் தாண்டாத எண்ணெயை நம்பி நெம்புகிறார். குறைந்தது ஒரு வாரம், கூடுமானால் மூன்று நான்கு வாரம், அளவு குறையக்குறைய ஊற்றிக்கொண்டே காத்திருப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. ஊற்றிய எண்ணெய் மறுநாளே ஒரு சிலிண்டரில் முழுவதும் காணாமற்போனால் அந்தப் பிஸ்டன் தளர்வாக இருக்கிறது என்றும், நாட்கணக்கில் மட்டம் குறையாமல் நின்றால் அங்கேதான் பிடிப்பு என்றும் பெரும்பாலும் கொள்ளலாம் என்பதால், இந்தக் காத்திருப்பே ஒரு நோயறி சோதனையாகவும் அமைகிறது.

எந்தத் திரவம் சிறந்தது என்பது மெக்கானிக்குகள் நடுவே ஓயாத வழக்கு. பலரும் முதலில் எடுக்கும் டபிள்யூ.டி. 40, 1953இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டபோது நீரை அப்புறப்படுத்துவதற்கென்றே உருவானது. பெயரிலுள்ள முதலிரண்டு எழுத்துகளும் அதைத்தான் குறிக்கின்றன. இறுகிய பிஸ்டனை ஊறவைக்க அதைவிடத் தனியாக ஊடுருவுவதற்கென்று விற்கப்படும் எண்ணெய்களே ஏற்றவை. தானியங்கி கியர்பெட்டிகளில் பயன்படும் திரவத்தையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து ஊற்றுவது உலகெங்கும் பழைய கார் ஆர்வலர்களிடையே பரவிய முறை. அவை இரண்டும் முழுதாகக் கலக்காமல் பிரிந்து நிற்கும் என்பதால் குலுக்கியவுடன் ஊற்ற வேண்டும், அசிட்டோன் எளிதில் தீப்பற்றுவது என்பதால் அருகில் சுடரோ பீடியோ இருக்கலாகாது. நம் பட்டறைகளில் டீசலும் மண்ணெண்ணெயும் கைக்கெட்டிய மருந்துகள். அவையும் ஊடுருவும், ஆனால் வழுக்கல் குறைவு. மண்ணெண்ணெய் எண்ணெயைக் கழுவிவிடும் இயல்புடையது என்பதை யாழ்ப்பாணம் ஒரு கொடிய காலத்தில் அறிந்தது. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காமற் போனபோது, அங்கிருந்த பழைய கார்களைச் சில துளிப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அம்பாசடரின் என்ஜினுக்கு உடன்பிறந்த என்ஜின்களைக் கொண்ட ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்கள் அந்தத் தலைமுறையினவே. எரியாத மண்ணெண்ணெய் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும் என்பதால், அவ்வாறு ஓட்டப்பட்ட என்ஜின்களைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களின் கைத்திறன் மதிக்கத்தக்கது. வினிகர், அமிலம், காஸ்டிக் சோடா ஆகியவற்றை மூடிய என்ஜினுக்குள் ஊற்றுவது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது. அமிலம் துருவோடு இரும்பையும் தின்னும், காஸ்டிக் சோடா அலுமினியப் பிஸ்டனையே கரைத்துவிடும், உள்ளே புகுந்ததை முழுவதும் அலசி எடுக்கவும் வழியில்லை.

ஊறிய பிறகு வருவது சுழற்றும் முயற்சி. வடிவியலை அறியாதவர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ‘பி’ வரிசை என்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் ஆரம், பிஸ்டன் நகரும் தூரத்தில் பாதி, அதாவது ஏறத்தாழ 4.45 செ.மீ. அதன் முனையில் 60 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியைப் பொருத்தி ஒருவர் 30 கிலோ எடையளவு அழுத்தினால், பிஸ்டன்கள் நடுவழியில் நிற்கும் நிலையில் அவற்றுக்கெல்லாம் சேர்த்துக் கிடைப்பது சுமார் 400 கிலோ விசை. பிஸ்டன் உச்சியையோ அடியையோ நெருங்கி நிற்குமானால் கணக்கு மாறுகிறது. அங்கே கிராங்க் ஷாஃப்டைச் சிறிது திருப்பினாலும் பிஸ்டன் மிகமிகக் குறைவாகவே நகரும், ஆனால் அந்தச் சிறு நகர்வுக்குப் பின்னால் பன்மடங்கு பெருகிய விசை இருக்கும். இதையே தலைகீழாகப் பார்த்தால், உச்சியில் நிற்கும் பிஸ்டனை மேலிருந்து எவ்வளவு அடித்தாலும் கிராங்க் ஷாஃப்ட் சுழலாது. அடி முழுவதும் நேராகப் பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும். நான்கு சிலிண்டர் என்ஜினில் முதலாவதும் நான்காவதும் ஒன்றாகவும், இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகவும் ஏறி இறங்குகின்றன என்பதையும், என்ஜின் நிற்கும்போது அழுத்தத்தின் எதிர்ப்பால் பிஸ்டன்கள் பெரும்பாலும் நடுவழியிலேயே ஓய்வெடுக்கின்றன என்பதையும் நினைவில் கொண்டால், எங்கே, எந்தத் திசையில் விசை கொடுக்க வேண்டும் என்பது விளங்கும்.

விசையை ஒரே திசையில் ஏற்றிக்கொண்டே போவதைவிட, இரு திசையிலும் சிறிது சிறிதாக ஆட்டுவது நல்லது. கண்ணுக்குத் தெரியாத ஓர் அசைவு கிடைத்தாலும், அந்த அசைவில் திறக்கும் இடுக்குக்குள் எண்ணெய் இறங்கும். அன்றைக்கு அத்துடன் நிறுத்தி மறுநாள் தொடரலாம். பழைய அம்பாசடரில் முன்புறம் கைப்பிடி செருகிச் சுழற்றும் வசதி உண்டு என்றாலும் அது ஒரு திசையில் மட்டுமே பிடிக்கும். எதிர்த்திசையில் திருப்பப் புல்லியின் போல்ட்டைப் பயன்படுத்தினால், என்ஜின் அசைவதற்கு முன் போல்ட்டே கழன்று வந்துவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக ஃபிளைவீலின் பற்களில் கடப்பாரை போன்ற நெம்புகோலைக் கொடுத்து இரு பக்கமும் மெல்ல நெம்புவது இதற்கு ஏற்ற வழி; சக்கரத்தின் ஆரம் பெரிது என்பதால் குறைந்த விசையே போதும். காரையே டாப் கியரில் போட்டு இருவர் முன்னும் பின்னும் ஆட்டுவதும் தீங்கற்ற முயற்சிதான். செய்யவே கூடாதது, காரை மற்றொரு வண்டியில் கட்டி இழுத்து, வேகம் பிடித்ததும் கிளட்ச்சை விடுவது. ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை ஒரே நொடியில் வந்து மோதும்போது வளையங்கள் நொறுங்குகின்றன, கனெக்டிங் ராடு வளைகிறது, விடுபட்ட பிஸ்டனோடு சீர்செய்ய முடியாத என்ஜினும் கிடைக்கிறது. இக்காலத்துக் கார்கள் பலவற்றில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை ஓட்டும் ரப்பர் பெல்ட் பல் தாண்டினாலே வால்வு பிஸ்டனில் மோதக்கூடும் என்பதால், அவற்றில் இத்தகைய பலப்பரீட்சைகளுக்கு இடமே இல்லை.

வாரங்கள் சென்றும் அசையவில்லை என்றால், சிலிண்டர்களின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை இறக்கிவிடுவதே அறிவுடைமை. வால்வுகளை அழுத்தும் ராக்கர் தண்டை முதலில் கழற்றிவிடுவது, ஹெட்டை இறக்காதபோதும் நல்ல பழக்கம். ஏனெனில் வால்வுகளும் துருவேறி ஒட்டியிருக்கலாம், பிஸ்டன் விடுபடும் மகிழ்ச்சியில் சுழற்றும்போது ஒட்டிய வால்வு ஒன்று அதன் தள்ளுகோலை வளைத்துவிடும். ஹெட் இறங்கியதும் நான்கு சிலிண்டர்களும் கண்ணெதிரே திறந்து கிடக்கும். அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை சுத்தியலை எடுப்பது அன்று. பிஸ்டனுக்கு மேலே தெரியும் சுவரிலுள்ள துருவை நுண்ணிய எமரித் தாளால் முழுவதும் தேய்த்தெடுத்து, தூளை உறிஞ்சி, எண்ணெய் பூசுவது. பிஸ்டன் ஏற வேண்டிய பாதையில் துரு மேடாக நின்றால், விடுபட்ட வளையம் அங்கே மோதி உடையும். அல்லது துருத்தூளைத் தன்னோடு அரைத்துக்கொண்டு சுவரைக் கீறும்.

அடுத்து, எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, கனெக்டிங் ராடுகளின் அடிமூடிகளை ஒவ்வொன்றாக விடுவித்தால், எந்தப் பிஸ்டன் பிடித்திருக்கிறது என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். தளர்வானவற்றை வெளியே எடுத்துவிட்டு, பிடித்த ஒன்றோடு மட்டும் போராடலாம். சிலிண்டரின் விட்டத்துக்குச் சற்றே குறைவாகக் கடைந்த கடினமான மரக்கட்டையைப் பிஸ்டனின் தலைமேல் வைத்து, சுத்தியலால் அளவாகத் தட்ட வேண்டும். அலுமினியத் தலையில் இரும்புச் சுத்தியல் நேராக விழுந்தால் அது குழிந்துவிடும் அல்லது வளையக் காடிகள் நெரிந்து பிடிப்பு முன்னினும் கூடும். கீழே எண்ணெயில் நனைந்திருந்த சுவர் பெரும்பாலும் தூய்மையாக இருக்கும் என்பதால், முதலில் சிறிது கீழே இறக்கி, இறங்கிய இடத்தைத் துடைத்து எண்ணெய் பூசி, பின்னர் கீழிருந்து மேலே தட்டி ஏற்றுவது முறையான வரிசை. ஓங்கி ஒரு முறை அடிப்பதைவிடச் சிறு தட்டல்கள் நூறு நல்லவை, ஏனெனில் ஒவ்வோர் அதிர்விலும் துருவின் பிணைப்பு நுண்ணியதாக விரிசல் விடுகிறது.

வெப்பத்தைப் பயன்படுத்துவதில் ஒரு புதிர் உண்டு. என்ஜின் முழுவதையும் சூடாக்கினால், அலுமினியம் அதிகம் விரிவதால் பிஸ்டன் இன்னும் இறுகத்தான் செய்யும். அப்படியிருந்தும் சூடாக்கிய என்ஜின்கள் விடுபடுவதைப் பட்டறைகள் கண்டிருக்கின்றன. விடுவிப்பது சூடு அன்று, சூடேறி ஆறும்போது இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவில் நகர்வதுதான்; அந்த நகர்வில் துருவின் படலம் உடைகிறது, ஆறும்போது சுருங்கும் பிஸ்டனைச் சுற்றி எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. சிலிண்டரின் வெளிச்சுவரை மட்டும் சூடாக்கிப் பிஸ்டனைக் குளிர்விக்க முடிந்தால் பலன் இரட்டிப்பாகும்: உறைநிலைக் கரியமிலவாயுவான உலர்பனியின் வெப்பநிலை மைனஸ் 78 பாகை, அதைப் பிஸ்டன் தலைமேல் வைத்து, பிஸ்டனை மட்டும் 50 பாகை குளிர்விக்க இயன்றால் அதன் விட்டம் 0.08 மி.மீ. குறையும், இது ஆரோக்கியமான என்ஜினில் இருக்கும் மொத்த இடைவெளிக்கு நிகரான அளவு. தீச்சுடரைப் பயன்படுத்துவோர், முன்பு ஊற்றிய ஊடுருவும் எண்ணெயை முற்றிலும் துடைத்தெடுத்த பிறகே அதைப் பற்றவைக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒரே இடத்தில் அதிகம் காட்டப்பட்ட சுடர் வார்ப்பிரும்பை வெடிக்கச் செய்யும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

ஹெட்டை இறக்காமலே முயலும் மற்றொரு வழி, கிரீஸ் அடிக்கும் கைத்துப்பாக்கி. வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும்படி ராக்கர் தண்டைக் கழற்றிவிட்டு, பிளக் துளையில் பொருத்திய இணைப்பின் வழியாகச் சிலிண்டரைக் கிரீஸால் நிரப்பி அழுத்தம் ஏற்றினால், சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ என்ற அழுத்தத்திலேயே 73 மி.மீ. பிஸ்டனின் தலைமேல் நான்கு டன்னுக்கு மேற்பட்ட விசை சமமாகப் பரவி இறங்கும். கைப்பிடியில் கிடைத்த 400 கிலோவோடு ஒப்பிட்டால் இதன் வலிமை புரியும். சுத்தியலைப்போல அதிர்ச்சி இல்லாமல் மெல்ல ஏறுவது இதன் சிறப்பு. நடுவழியில் நிற்கும் பிஸ்டனுக்கே இது பொருந்தும், உச்சியில் நிற்பதற்கு இதனால் பயனில்லை என்பது முன்பு கண்ட வடிவியலாலேயே விளங்கும். பின்னர் சிலிண்டரிலும் போக்குக்குழாயிலும் கிடக்கும் கிரீஸை அகற்றுவது சலிப்பூட்டும் வேலை.

பிஸ்டன் விடுபட்டதும் வேலை முடிந்ததாக எண்ணுவது மிகப் பரவலான தவறு. துரு எடுபட்ட இடத்தில் சுவர் குழிகுழியாக இருக்கும். அந்தக் குழிகள் வழியே எரியும் வாயு கீழேயும் எண்ணெய் மேலேயும் கசிய, என்ஜின் நீலப்புகை கக்கிக்கொண்டு ஓடும். சுவரின் விட்டத்தை உச்சி, நடு, அடி என மூன்று உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் இரு திசைகளிலும் அளந்தால் தேய்மானமும் நீள்வட்டமும் தெரியும். குழிகள் ஆழமற்றவையாக இருந்தால், குறுக்கும் நெடுக்குமான நுண்கோடுகள் விழும்படி ‘ஹோனிங்’ செய்து புதிய வளையங்கள் போடுவது போதும். எண்ணெயைப் பிடித்துவைப்பதற்கு அந்தக் கோடுகள் இன்றியமையாதவை. ஆழமாக இருந்தால் லேத் பட்டறையில் சிலிண்டரைப் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற ‘ஓவர்சைஸ்’ பிஸ்டன்களைப் பொருத்த வேண்டும். அதற்கும் இடமில்லாத அளவு தேய்ந்திருந்தால் ‘லைனர்’ எனப்படும் புதிய இரும்பு உறையை உள்ளே செலுத்தி மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். எந்த வளையமும் காடிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கையால் தள்ளினால் தாராளமாக நகராத வளையம், பிஸ்டன் எவ்வளவு அழகாக இருந்தாலும், அழுத்தத்தைப் பிடிக்காது.

பிரிக்காமலே விடுபட்ட என்ஜினைக் கிளப்புவதற்கு முன் இன்னொரு கட்டுப்பாடு தேவை. வாரக்கணக்கில் ஊற்றிய திரவமெல்லாம் சம்ப்பிற்குள் இறங்கி மசகு எண்ணெயை நீர்க்கச் செய்திருக்கும். அதை முழுவதும் வடித்து, வடிகட்டியையும் மாற்றி, புதிய எண்ணெய் நிரப்ப வேண்டும். பிளக்குகள் இல்லாமலே கையால் பல முறை சுழற்றி, எங்கும் இடறவில்லை என்று கண்டபின், ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுழற்றி, எண்ணெய் அழுத்த முள் எழுகிறதா, எச்சரிக்கை விளக்கு அணைகிறதா என்று பார்த்த பிறகே பிளக்குகளைப் பூட்டிப் பெட்ரோலைத் திறக்க வேண்டும். முதல் சில நிமிடங்கள் சைலன்சரிலிருந்து அடர்ந்த வெண்புகை வரும். அது சிலிண்டரிலும் குழாயிலும் தங்கிய ஊறல் எண்ணெய் எரிவதால் வருவது, தானே அடங்கும். அரை மணி நேரம் மிதமான வேகத்தில் ஓடி, நீரும் எண்ணெயும் முழுச்சூடு அடைந்ததும் என்ஜினை நிறுத்தி, சூடு ஆறுவதற்கு முன்பே அந்தப் புதிய எண்ணெயையும் வடித்துவிட வேண்டும்; துருத்தூளால் செம்பழுப்பாக அது வெளியே வரும், அந்த நிறம் மறையும்வரை சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.